மூன்று வயருக்கு ஆறு பொட்டு

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. எழுதி வைத்திருந்தால் நம்பிவிடுவேன். மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்த பொடி எழுத்துக் காகிதம், குக்கரோடு வரும் சின்னப் புத்தகம், ஷாம்பு பாக்கெட்டின் பின்பக்கம் எல்லாவற்றையும் கடைசி வரி வரை படிப்பேன். போதாக்குறைக்குக் கணக்கு டீச்சர் வேறு. படி ஒன்று, படி இரண்டு என்று ஒழுங்காகப் போட்டால் விடை வந்தே தீரும் என்று பதினெட்டு வருஷமாக ஆந்திரப் புத்தூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி, அவர்கள் நம்பினார்களோ இல்லையோ, நான் நம்பிவிட்டேன். அந்த நம்பிக்கைதான் ஓர் ஆயுத பூஜையன்று எங்கள் தெருவையே கதிகலங்க வைத்தது.

வெடித்தது எங்கள் கார். வெடிக்க வைத்தவள் நான். (முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் வீட்டுக்காரர் வாயால் நீங்கள் கேட்டால் இன்னும் கேவலமாக இருக்கும்.)

உண்மையில் அது என் மாமனாரின் கார். ஒரு காலத்தில் தெருவுக்கு இரண்டு நின்றுகொண்டிருந்ததே, அந்தச் சின்ன வெள்ளைக் கார். வயது இருபத்தாறு. மாமா எம்மார்வோ (நம் ஊர் தாசில்தார்தான்) ஆபீஸில் வேலை பார்த்தபோது ஆசைப்பட்டு வாங்கியது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் ஓட்டுவதை விட்டுவிட்டார், உட்காருவதை விடவில்லை. தினமும் காலையில் அதைத் துடைத்துவிட்டு, நான்கு கதவையும் திறந்து வைத்து, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். அத்தை காலமான பிறகு அந்த உட்காருதல் ஒரு மணி நேரம் கூடிவிட்டது. நானும் காபியை அங்கேயே கொண்டுபோய் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் கொடுத்துவிடுவேன்.

கார்தான் ஒத்துழைக்கவில்லை. ஸ்டார்ட் ஆகும், நாலு தடவை இருமும், அணைந்துவிடும். நகரிக்குக் கல்யாணத்துக்குப் போனபோது மூன்று இடத்தில் நின்றது. பட்டுப் புடவையோடு நான் தள்ளினேன். என் வீட்டுக்காரர் தாமோதரன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு "இன்னும் கொஞ்சம் வேகமா தள்ளு கோமதி" என்றார். வீட்டுக்கு வந்ததும் அவரே பொறுமை இழந்து (தள்ளியது நான், பொறுமை இழந்தது அவர்) சித்தூரில் ஓர் ஆளைப் பிடித்துவிட்டார். பழைய கார்களை வாங்கிப் பிரித்து, பாகம் பாகமாக விற்பவர்.

"ஆயுத பூஜையன்னிக்கு வந்து பாக்கறாராம் நைனா. மறுநாள் விஜயதசமி. நல்ல நாள், எடுத்துக்கினு போயிடறேன்னாரு" என்றார் தாமோதரன்.

மாமா தட்டைப் பார்த்துக்கொண்டே, "உன் இஷ்டம்பா" என்றார். பிறகு இரண்டாவது தோசை வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். எனக்குக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் இரண்டாவது தோசையை வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை. எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு வாய் முன்னால் போகும், மூளை பின்னால் நடந்து வரும்.

"காரை விக்கக் கூடாது. நான் ரிப்பேர் பண்றேன்."

"நீயா? உனக்கு சைக்கிள் செயின் மாட்டத் தெரியுமா?"

"தெரியாது. படிச்சிக்கிறேன்."

"இன்னாத்த படிச்சி?"

"மேனுவல் கீது. போன்லயே கிடைக்குது."

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அங்கேயே ஒப்பந்தம் ஆயிற்று. ஆயுத பூஜையன்று கார் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகி, சக்கரத்துக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பி, மாமாவைத் திருப்பதி மலையடிவாரத்து அலிபிரி வரைக்கும் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்துவிட்டால், விற்பதில்லை. இல்லையென்றால் சித்தூர்க்காரர் அதை ஓட்டிக்கொண்டோ இழுத்துக்கொண்டோ போகலாம்.

மெக்கானிக் முனிசாமி அண்ணனைக் கூப்பிட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்டேன். பூஜைக்கு முந்தின வாரம் ஊரில் உள்ள வண்டியெல்லாம் அவர் ஷெட் வாசலில்தான் நிற்கும். "பூஜை முடிஞ்சி வாங்க டீச்சரம்மா" என்றுவிட்டார். எனக்கு அதில் உள்ளூரச் சந்தோஷம்தான். அவர் செய்தால் அவர் செய்ததாகிவிடும், நான் வாய் விட்டது என்ன ஆவது?

மேனுவல் இலவசமாகக் கிடைத்தது. நானூறு பக்கத்துக்கு மேல். யாரோ ஒரு புண்ணியவான் புத்தகத்தைக் கட்டில் மேல் வைத்துப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து ஏற்றியிருந்தார். ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் பூப்போட்ட படுக்கை விரிப்பு தெரிந்தது. சில பக்கங்கள் தலைகீழ். முதல் ஒன்பது பக்கங்கள் இல்லவே இல்லை. முன்னுரைதானே, போகட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த மேனுவல் எந்த மாடல் காருக்கானது என்கிற விவரம் அந்த ஒன்பது பக்கத்துக்குள்தான் இருந்திருக்கும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

ஒரு வாரம் படித்தேன். மார்ஜின் போட்ட நோட்டில் குறிப்பெடுத்தேன். இருமுகிறது, அணைகிறது என்றால் ஸ்பார்க் ப்ளக்கை மாற்று என்று ஓர் அட்டவணை சொன்னது. எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பற்றவைக்கிற பொறி அந்த ப்ளக்கில்தான் வருமாம். ஒவ்வொரு ப்ளக்குக்கும் ஒரு தடித்த வயர் வருமாம். மேனுவலில் நான்கு ப்ளக் படம் போட்டிருந்தது. கடைக்குப் போய் நான்கு கேட்டேன்.

"எந்த வண்டிக்கும்மா?" என்றார் கடைக்காரர். சொன்னேன். "அதுக்கு மூணுதாம்மா."

"மேனுவல்ல நாலு போட்டிருக்குங்க" என்றேன். வகுப்பில் தப்பாகப் பெருக்கும் பிள்ளையைப் பார்க்கிற இரக்கத்தோடு அவரைப் பார்த்தேன். அந்த மனுஷன் மறு பேச்சுப் பேசாமல் நான்கு கொடுத்தார்.

மேனுவலை முடித்தது பூஜைக்கு முதல் நாள். எனவே வேலையில் இறங்கியது பூஜையன்று காலை ஆறு மணிக்கு. சித்தூர்க்காரர் பதினோரு மணிக்கு வருவதாக இருந்தது. ஐந்து மணி நேரம் தாராளம் என்று நினைத்தேன். முதல் ஒரு மணி நேரம் நாலாவது ப்ளக்கைத் தேடுவதில் போய்விட்டது.

மாமா காபி டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா தேடிக்கினு கீற?"

"நாலாவது ப்ளக்கக் காணோம் மாமா."

மாமா இருபத்தாறு வருஷம் அந்தக் காரை வைத்திருந்தாலும் பானட்டைத் திறந்தால் இரண்டே வேலைதான் செய்வார். தண்ணீர் ஊற்றுவார், பொட்டு வைப்பார். அதனால் அவரும் குனிந்து கவலையாகத் தேடினார். "முனிசாமி எப்பவும் மூணுதான் மாத்துவான். ஒண்ண அவன் சுட்டுக்கினு போயிட்டானா?"

அரை மணி நேரம் நாங்கள் இருவரும் முனிசாமி அண்ணனைத் திருடன் என்று முழு மனதோடு நம்பினோம். (அண்ணா, இதைப் படித்தால் மன்னித்துவிடுங்கள்.) கடைசியில், இருப்பதை மாற்றுவோம், திருடு போனதைப் பிறகு விசாரிப்போம் என்று முடிவு செய்தேன்.

இதற்குள் என் கை முழுக்கக் கரி. போன் என் விரலை அடையாளம் தெரியாது என்று சாதித்தது. புறங்கையால் தள்ளினால் ப்ளக் பக்கத்திலிருந்து சீட் உறை பக்கத்துக்குப் போனது. கடைசியில் மூக்கால் தள்ளினேன். மூக்கு நன்றாக வேலை செய்தது. கொஞ்ச நேரத்தில் மூக்கிலும் கரி, போனிலும் கரி, நெற்றியில் எப்படி வந்தது என்று தெரியாத இன்னொரு கரி.

இருநூற்றுப் பதினாலாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு எச்சரிக்கை இருந்தது. வயர்களைக் கழற்றும் முன் எது எந்த ப்ளக்குக்கு என்று அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும், மாறிப்போனால் எஞ்சின் ஓடாது. நான் அப்படிப்பட்ட எச்சரிக்கைக்காகவே பிறந்தவள். பெயின்ட் இல்லை, டேப் இல்லை. உள்ளே போய் என் ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து வந்தேன். முதல் வயருக்கு ஒரு பொட்டு. இரண்டாவது வயருக்கு இரண்டு. மூன்றாவதற்கு மூன்று. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு, மேனுவல் எழுதியவருக்கு இதைத் தெரிவித்தால் அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்வாரே என்றுகூட யோசித்தேன்.

வயர்களைப் பிடுங்கினேன், பழைய ப்ளக்குகளைக் கழற்றினேன், புதிய மூன்றையும் திருகினேன். எவ்வளவு இறுக்க வேண்டும் என்று மேனுவல் ஏதோ ஒரு எண் சொன்னது. அதை அளக்க என்னிடம் கருவி இல்லாததால் ஊறுகாய் ஜாடி மூடிக்கு எவ்வளவோ அவ்வளவு. வயர்களைத் திரும்ப மாட்ட வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து போன் உயிரை விட்டது.

உள்ளே போய் சார்ஜில் போட்டேன். அப்படியே கொண்டைக்கடலைச் சுண்டலைத் தாளித்தேன், பூசணிக்காயைக் கழுவி வைத்தேன், முகத்தைக் கழுவினேன். அரை மணி நேரம் ஆகியிருக்கும். வெளியே வந்தால் மாமா வெள்ளை வேட்டி, சட்டையோடு பானட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறார். முகமெல்லாம் சிரிப்பு.

எஞ்சின் பளபளத்தது. என் ஸ்பேனர்கள் எல்லாம் கழுவித் துடைத்து, வாழை இலையில் வரிசையாகப் படுத்துக்கொண்டிருந்தன, ஆளுக்கொரு பொட்டோடு. மூன்று வயருக்கும் ஒரே அளவாகச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். அச்சு அசலாக ஒன்று போலவே மூன்றும்.

"இன்னாம்மா இது, வயர்ல போயி ஸ்டிக்கர ஒட்டிக்கினு? ஆயுத பூஜைக்கு அசல் குங்குமம்தாம்மா வெக்கணும். எல்லாத்தையும் எடுத்துட்டேன். இப்ப பாரு, எவ்ளோ லட்சணமா கீது!"

"ஸ்டிக்கர் எங்க மாமா?" என்றேன்.

"வீணா போவக் கூடாதுன்னு பத்திரமா வெச்சிக்கிறேன்" என்று காரின் பக்கவாட்டுக் கண்ணாடியைக் காட்டினார். ஆறு பொட்டும் அதில் ஒரே நேர்கோட்டில் ஒட்டியிருந்தன.

சொல்லியிருக்கலாம். சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் அத்தை போன பிறகு மாமா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. தன் காருக்குக் கடைசிப் பூஜையாக இருக்கலாம் என்று தெரிந்து, ஒவ்வொரு வயராகத் துடைத்துப் பொட்டு வைத்திருக்கிறார். உங்கள் காரை நீங்களே சித்தூர்க்காரருக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? "ரொம்ப நல்லா கீது மாமா" என்றேன்.

பிறகு கணக்கு டீச்சராக யோசித்தேன். மூன்று வயர், மூன்று ப்ளக். மாட்டுவதற்கு மொத்தம் ஆறு வழி. அதில் ஒன்று சரி. ஆறே ஆறுதானே என்று தைரியம் வந்தது. ஐந்து தப்பு என்று தோன்றவில்லை. இதே கணக்கைப் பத்தாம் வகுப்பில் தப்பாகப் போட்டவர்களைப் பெஞ்ச் மேல் ஏற்றியிருக்கிறேன். மேனுவலில் இருந்த படம் நான்கு ப்ளக்குக்கானது, அதில் ஒன்றை மனதுக்குள் அழித்துவிட்டு மாட்டினேன். ஒரு வயர் எட்டவே மாட்டேன் என்று அடம் பிடித்தது. அதை நான் ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளாமல், கீழ்ப்படியாமையாக எடுத்துக்கொண்டு இழுத்து மாட்டினேன். மாற்றி மாட்டிப் பார்க்கலாமா என்று நினைக்கும்போதே வாசலில் பைக் சத்தம் கேட்டது.

சித்தூர்க்காரர் பூஜைக்கு வந்தவர் மாதிரியே வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், நெற்றியில் நாமம் என்று அம்சமாக இருந்தார். தாமோதரன் தெலுங்கில் உபசாரம் செய்தார். மாமா கற்பூரம் ஏற்றிக் காருக்குக் காட்டினார், பூசணிக்காய் சுற்றினார், நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். தெருவில் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். எல்லோருக்கும் ஒப்பந்தம் தெரியும். (பக்கத்து வீட்டு ஜன்னல் சும்மா இருக்குமா?)

நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். மாமா ஜன்னல் ஓரம் வந்து, "நீ செய்வம்மா" என்றார்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டாம். ஸ்டார்ட் பண்ணும்போது சைலன்சருக்கு நேராக உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார்கள். கையில் எண்ணெய் படிந்தால் எஞ்சின் போச்சு என்று அர்த்தம். சித்தூர்க்காரர் பின்னால் போய்க் குத்துக்காலிட்டு, கையை வைத்து, முகத்தையும் கிட்டத்தில் கொண்டுபோய், "கொட்டண்டி!" என்று ஸ்டார்ட் பண்ணச் சொன்னார்.

சாவியைத் திருப்பினேன். குர்ர்ர் என்றது. ஒன்றுமில்லை. மறுபடி குர்ர்ர். ஒன்றுமில்லை. தாமோதரன் கைகட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். எனக்கு வியர்த்துக் கொட்டியது. ஸ்டார்ட் ஆகாவிட்டால் ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தவும் என்று எந்தப் பக்கத்திலோ படித்தது நினைவுக்கு வந்தது. அழுத்தினேன். சாவியை விடாமல் திருப்பினேன்.

டமார்!

அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. மரத்திலிருந்த காகம் அத்தனையும் கிளம்பின. எதிர் வீட்டுக் கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. யாரோ "கேஸ் சிலிண்டர், கேஸ் சிலிண்டர்!" என்று கத்தினார்கள். பிறகு காருக்குப் பின்னாலிருந்து சித்தூர்க்காரர் மெதுவாக எழுந்து நின்றார்.

முன்பக்கம் முழுக்கக் கறுப்பு. சட்டை கறுப்பு, முகம் கறுப்பு, நாமம் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. பின்பக்கம் மட்டும் இன்னும் வெள்ளையாக இருந்தது. அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். காரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

"நாக்கு வத்து சாமி! வத்து!" என்றார். (எனக்கு வேண்டாம் என்பதைத் தெலுங்கில் இவ்வளவு வேகமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.) தாமோதரன் "அண்ணா, தண்ணி குடிச்சிட்டு..." என்று ஆரம்பிப்பதற்குள் பைக் தெருமுனையைத் தாண்டிவிட்டது. சுண்டல்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

முனிசாமி அண்ணனுக்குப் போன் போட்டேன். "இன்னிக்கு ஸ்பேனரத் தொட மாட்டேன் டீச்சரம்மா. எல்லாம் சாமி முன்னாடி கீது. நாளைக்கு காலைல வரேன்" என்றார். எங்கள் ஸ்பேனர்களும் வாழை இலையில்தான் கிடந்தன. எனவே அன்று முழுக்க கார் நான்கு எலுமிச்சம்பழத்தின் முன்னால் அப்படியே நின்றது. பழத்தைக் கையால் எடுக்கக் கூடாது, கார்தான் நசுக்க வேண்டும் என்று மாமா சொல்லிவிட்டார். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் முனிசாமி அண்ணன் வந்தார். பானட்டைத் திறந்தார். ஸ்பேனரையே எடுக்கவில்லை. இரண்டு வயரைப் பிடுங்கி இடம் மாற்றிச் சொருகினார். "ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார். கார் கிர்ரென்று பிடித்துக்கொண்டது. இருமல் இல்லை, திக்கல் இல்லை.

"ப்ளக் மாத்தினதெல்லாம் கரெக்டுதாம்மா, வயரத்தான் மாத்தி சொருகிட்டீங்க" என்றார். "கழட்டறதுக்கு முன்னாடி அடையாளம் வெச்சிக்கலியா?"

நான் மாமாவைப் பார்க்காமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டேன். "மறந்துட்டேண்ணா" என்றேன்.

"அடையாளம்கூட வேணாம், நீளத்தப் பாத்தாலே தெரியுமே. கிட்ட கீற ப்ளக்குக்கு குட்டை வயரு, எட்ட கீறதுக்கு நீட்டு வயரு. எல்கேஜி பிள்ள சொல்லுமே!"

மாமா பக்கவாட்டுக் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஆறு பொட்டையும் பார்த்தார். வயரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நான் கியரைப் போட்டேன். வாடிப்போன எலுமிச்சம்பழம் நான்கும் சட் சட்டென்று நசுங்கின.

அலிபிரி வரைக்கும் கார் ஒரு தடவைகூட நிற்கவில்லை. அங்கே மலைக்கு நடந்து போகிறவர்கள் செருப்பை விடும் இடத்துக்கு அருகில் நிறுத்தி, மாமா ஒரு தேங்காய் உடைத்தார். திரும்பி வரும்போது புத்தூருக்கு முன்னால் ஒரு கடையில் நிறுத்தி அவர் மூன்று தோசை சாப்பிட்டார். ஒப்பந்தப்படி ஒரு நாள் தாமதம் என்று தாமோதரன் சட்டம் பேசினார். ஆனால் விஷயம் சித்தூர் முழுக்கப் பரவிவிட்டதால், அதற்கப்புறம் எங்கள் காரைக் கேட்டு ஒரு ஆளும் வரவில்லை.

எனக்கோ வருஷம் முழுக்க 'வெடி டீச்சர்' என்று பெயர். தாமோதரன் நான் குக்கரை அடுப்பில் வைத்தால் மாமாவைக் கூப்பிட்டு, "நைனா, வெளில வந்து நில்லு, கோமதி மேனுவல் படிச்சிட்டா" என்பார். மாமா சிரிக்க மாட்டார். நான் பதில் சொல்ல மாட்டேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு முதல் நாள் தாமோதரன் சட்டைகளைத் துவைக்கப் போட எடுத்தார். மாமாவின் சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டை விழுந்தது. புத்தம் புதிய ஸ்டிக்கர் பொட்டு, மெரூன் கலர்.

தாமோதரனுக்கு முகம் வெளிறிவிட்டது. எழுபத்து மூன்று வயது, மனைவியை இழந்தவர், சட்டைப் பையில் பொட்டு அட்டை. மெதுவாகக் கூடத்துக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "நைனா... இது யாருக்கு?" என்றார்.

"காருக்குடா" என்றார் மாமா.

அப்போதும் அவருக்குப் புரியவில்லை. மாமா பேப்பரை மடித்து வைத்தார். "போன வருஷம் வெடிச்சது இவளால இல்ல, என்னாலதான். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ஒழுங்கா ஒட்டி வெச்சிருந்தா. நான்தான் எல்லாத்தையும் பிச்சிப் போட்டுட்டு குங்குமம் வெச்சேன். ஒரு வார்த்த சொல்லலடா அவ. நீ ஒரு வருஷமா கிண்டல் பண்ணிக்கினு கீற, அப்பவும் சொல்லல." எனக்குக் கண் கலங்கிவிட்டது. தாமோதரன் அப்பாவையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், அட்டையையும் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார்.

மறுநாள் மாமாவே பானட்டைத் திறந்து, கண்ணாடியை மூக்கில் இறக்கி விட்டுக்கொண்டு, முதல் வயருக்கு ஒன்று, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு மூன்று என்று ஒட்டினார். சந்தனமும் குங்குமமும் ரேடியேட்டருக்குப் போயின. திருடு போகாத அந்த நாலாவது ப்ளக்கும் வாழை இலையில் ஸ்பேனர்களுக்குப் பக்கத்தில் பொட்டோடு படுத்திருந்தது. வருஷா வருஷம் இப்போது அதுதான் முறை. ஒட்டியது போக அட்டையில் மிச்சம் இருப்பதை மாமா என்னிடம் கொடுத்துவிடுவார். அதிலிருந்து ஒன்றை எடுத்து நெற்றியில் ஒட்டிக்கொண்டு நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போதெல்லாம், தாமோதரன் வாசலில் நின்று கேட்கிறார்:

"ஒண்ணே ஒண்ணுதானா? அப்ப நீதான் முதல் வயரு. பாத்துப் போ, வெடிச்சிடாத."